சத்தச் சட்டம் ஒலிபெருக்கிக்கு மட்டும்தானா? இயந்திர இரைச்சலை மனிதன் அளக்கக் கற்ற வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.

நமது பகுதியில் "சத்தத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது" என்று சொன்னால் உடனே எல்லோருக்கும் நினைவு வருவது பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான். 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நமது சமூகத்தில் அவ்வளவு பேசப்பட்டது. ஆனால் அதற்குப் பதினொரு வருடங்களுக்கு முன்பே, 1996இல், இந்த நாட்டில் இரைச்சல் பற்றிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்துவிட்டன. மில், குவாரி, கட்டட வேலை, ஜெனரேட்டர், தொழிற்சாலை என்று இயந்திரம் ஓடும் எல்லா இடத்துக்கும் அவை பொருந்தும். அது நமக்குப் பெரிதாகத் தெரியாது. தெரியாததால் கேட்டதும் இல்லை.

புல்மோட்டை முதல் நிலாவெளிப் பக்கம் வரை நமது ஆட்கள் மெஷினோடுதான் பிழைக்கிறார்கள். கனிய மணலில் வேலை செய்பவர்கள், அரிசி மில், மரக்காலை, கல் உடைக்கும் இடம், ஐஸ் போடும் இடம், என்ஜின் போட்டுக் கடலுக்குப் போகிறவர்கள். இவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பலரிடம் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டால், "வயசு போகுதுதானே" என்பார்கள். இன்னும் சிலர், "சத்தம் பழகிப் போச்சு" என்பார்கள். சத்தம் பழகுவதில்லை. கேட்கும் சக்திதான் குறைகிறது. இந்த உண்மையை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது, எப்படிச் சட்டமாக்கியது, அந்தச் சட்டத்தில் நமக்கு என்ன பங்கு இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

■ தூனிஸ் நகரத்துக் கொத்தமல்லி

முதலில் நமது சொந்த வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வியை முஸ்லிம் நகரங்கள் எழுநூறு வருடங்களுக்கு முன்பே கேட்டிருக்கின்றன.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆபிரிக்காவின் தூனிஸ் நகரத்தில் இப்னுர் ராமி என்று ஒரு கட்டட நிபுணர் இருந்தார். ஆலிம்களிடம் படித்தவர், ஆனால் தொழிலால் கொத்தனார். அயல்வீட்டாருக்கிடையே சுவர், சாக்கடை, ஜன்னல், புகை, சத்தம் என்று வழக்கு வரும்போது, நகரத்துக் காதி இவரை அனுப்பி இடத்தைப் பார்த்து வரச் சொல்வார். தான் பார்த்த வழக்குகளையும் மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளையும் சேர்த்து ஒரு நூலாகவும் எழுதி வைத்தார்.

அதில் மில் பற்றிய ஒரு விஷயம் வருகிறது. அந்தக் காலத்து மில் என்றால் மிருகம் சுற்றும் திரிகை. வீட்டை ஒட்டி ஒருவர் திரிகை போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், "என் சுவர் ஆடுகிறது" என்கிறார். மில்காரர், "ஆடவில்லை, இவர் சும்மா சொல்கிறார்" என்கிறார். எப்படித் தீர்ப்பது?

ஒரு காகிதத்தை எடுத்து நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, பொதுச்சுவரில் தங்கி நிற்கும் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். காகிதத்தின் மேல் காய்ந்த கொத்தமல்லி விதைகளைப் போட வேண்டும். பிறகு மில்லை ஓட்டச் சொல்ல வேண்டும். விதைகள் காகிதத்தில் குதித்தால், மில் அயல்வீட்டைப் பாதிக்கிறது. அதை எடுக்க வேண்டும். விதைகள் அசையாமல் கிடந்தால், மில் ஓடலாம். புகார் செய்தவர் பேசாமல் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் இருக்கும் நீதியைக் கொஞ்சம் பாருங்கள். யாருக்கு செல்வாக்கு, யாருடைய குரல் பெரிது என்று அது பார்க்கவில்லை. புகார் செய்தவருக்கும் மில்காரருக்கும் நடுவில் ஒரு பிடி கொத்தமல்லியை வைத்தது. அளந்து பார்த்தது. அளவு எந்தப் பக்கம் சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. இன்று நாம் கருவி வைத்து எடுக்கும் அதிர்வு அளவீட்டுக்கு இது மூத்த தகப்பன்.

நாம் இங்கே ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்கள். தூனிஸ் மாலிகி நாடு. ஆனாலும் அயலவருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற அடிப்படை எல்லா மத்ஹபுக்கும் பொதுவானது. பின்னால் உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சிவில் சட்டத்தின் 1200ஆவது பிரிவும் இதையே எடுத்துக்கொண்டது. வீட்டை ஒட்டிப் போடப்பட்ட கொல்லுப்பட்டறையின் சம்மட்டி அடியாலோ மில் சுற்றுவதாலோ அந்த வீடு பலவீனப்பட்டால் அது பெருந்தீங்கு, அதை அகற்ற வேண்டும் என்பது அதன் கருத்து. பட்டறைக்காரரின் உழைப்பு ஹலால்தான். ஆனால் உழைப்பு ஹலால் என்பதால் அயலவரின் சுவரை ஆட்டலாம் என்று ஆகிவிடாது.

■ சுவரிலிருந்து காதுக்கு

தூனிஸ் காதி கவலைப்பட்டது பெரும்பாலும் சுவரைப் பற்றி. திரிகைக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்தவரின் காதைப் பற்றி யார் முதலில் எழுதியது? 1700ஆம் ஆண்டு இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளருக்கு வரும் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெனிஸ் நகரத்தில் செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் நாள் முழுக்க சம்மட்டிச் சத்தத்தில் இருந்து, கடைசியில் காது கேளாமல் போகிறார்கள் என்று அதில் எழுதினார்.

அதன் பிறகு நீராவி இயந்திரம் வந்தது. இரும்புக் கப்பல் வந்தது. கப்பலுக்குக் கொதிகலன் செய்ய, ஆட்கள் இரும்பு உருளைக்குள் நின்று தறையாணி அடித்தார்கள். வெளியே ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் தாங்கிப் பிடிப்பார். உள்ளே நிற்பவருக்கு அது மணிக்குள் தலையை விட்டது போல.

1886இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் காது வைத்தியர் தோமஸ் பார் இவர்களைச் சோதித்தார். அவரிடம் இருந்த கருவி சட்டைப் பையில் வைக்கும் கடிகாரம். அதன் டிக் டிக் சத்தம் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். கொதிகலன் தொழிலாளர் 100 பேர், இரும்பு வார்ப்பவர்கள் 100 பேர், தபால்காரர்கள் 100 பேர். மூன்று கூட்டத்தையும் ஒப்பிட்டார். ஒரு பொதுக்கூட்டத்தில் பேசுவதைக் கேட்பது கஷ்டம் அல்லது முடியாது என்றவர்கள் தபால்காரர்களில் 8 பேர், வார்ப்பவர்களில் 12 பேர், கொதிகலன்காரர்களில் 75 பேர்.

இந்த ஒப்பீட்டில்தான் விஷயம் இருக்கிறது. தபால்காரருக்கும் வயது போகத்தான் செய்கிறது. ஆனால் அவர்களில் எட்டுப் பேருக்குத்தான் கஷ்டம். மற்றவர்களுக்கு வந்தது வயதால் வந்ததல்ல, வேலையால் வந்தது. "வயசு போகுதுதானே" என்ற பேச்சுக்கு 1886இலேயே பதில் வந்துவிட்டது.

■ காதுக்குள் என்ன நடக்கிறது

நமது உள்காதில் நத்தை ஓடு போன்ற ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 15,000 மயிர்க் கலங்கள். ஒலி வரும்போது இவை அசைந்து நரம்புக்குச் செய்தி அனுப்பும். புயல் காற்றில் நெற்பயிர் சாய்வது போல, பெரிய சத்தத்தில் இவை சாய்கின்றன. ஒரு நாள் என்றால் இரவு ஓய்வில் நிமிர்ந்துவிடும். அதனால்தான் மில்லிலிருந்து வந்தவருக்கு மாலையில் காது அடைத்து, காலையில் சரியாகிவிடுகிறது. வருடக்கணக்கில் தினமும் சாய்த்தால் அவை செத்துவிடும். மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. மருந்தும் இல்லை. காது மெஷின் உதவும், ஆனால் பழைய காதைத் தராது.

முதலில் போவது மெல்லிய உயர் சுருதி ஒலிகள், 4000 ஹேர்ட்ஸ் பக்கம். பேச்சில் உயிரெழுத்துகள் கேட்கும். ச, ஸ, ஷ, ஃப போன்றவை மங்கிப் போகும். ஆள் பேசுவது கேட்கிறது, என்ன பேசினார் என்று விளங்கவில்லை. தொழுகையில் இமாமின் குரல் கேட்கிறது, என்ன ஓதுகிறார் என்று தெரியவில்லை. கல்யாண வீட்டில் பத்துப் பேர் பேசும் இடத்தில் சிரித்துச் சமாளித்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார். வீட்டில் டீவியைக் கூட்டி வைப்பதால் சண்டை. பேரப்பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை. இது நோய் என்று யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஏனென்றால் வலி இல்லை.

■ டெசிபல் வந்த கதை

கொத்தமல்லி, கடிகாரம் என்று போன அளவீட்டுக்கு 1920களில்தான் ஒரு பொது அலகு வந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்துப் பொறியியலாளர்கள் கம்பியில் எவ்வளவு ஒலி குறைகிறது என்று கணக்கிட ஒரு அளவை உருவாக்கினார்கள். அலெக்சாண்டர் கிரஹம் பெல்லின் பெயரால் அது டெசிபல் ஆனது. 1929இல் நியூயோர்க் மாநகரம் ஒரு ஆணைக்குழு அமைத்து, கருவிகளை லொறியில் ஏற்றித் தெருத் தெருவாக இரைச்சலை அளந்தது.

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கல்ல. உயர்தர மாணவர்கள் மடக்கை படித்திருப்பார்கள், அதுதான் இது. 90 டெசிபல் மெஷினுக்குப் பக்கத்தில் அதே போல இன்னொன்றை வைத்தால் 180 ஆகாது, 93 ஆகும். அதாவது 3 கூடினால் காதுக்குள் போகும் ஒலிச் சக்தி இரட்டிப்பு. 10 கூடினால் சக்தி பத்து மடங்கு. அதனால் "இரண்டு மூன்று டெசிபல்தானே" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

இதிலிருந்து வந்ததுதான் இன்று பல நாடுகள் ஏற்கும் வேலைத்தளக் கணக்கு. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் இருக்கலாம். 88 என்றால் நான்கு மணி. 91 என்றால் இரண்டு. 94 என்றால் ஒரு மணித்தியாலம். 100 என்றால் வெறும் 15 நிமிடம். அதற்கு மேல் இருந்தால் காது கடன்பட ஆரம்பிக்கிறது.

கருவி இல்லாமல் மட்டுக்கட்ட ஒரு வழி இருக்கிறது. இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்பவரோடு பேசக் கத்த வேண்டியிருந்தால் அந்த இடம் ஏறத்தாழ 85. ஒரு மீற்றரிலேயே கத்த வேண்டியிருந்தால் 90 பக்கம். இன்று வேலைக்குப் போகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

■ "தெரியாது" என்று சொல்ல முடியாமல் போன வருடம்

அளவு வந்தும் முதலாளிமார் அசையவில்லை. எல்லாக் கப்பல் பட்டறையும் இப்படித்தானே, நாங்கள் மட்டும் என்ன செய்ய என்றார்கள். 1963இல் பிரித்தானியத் தொழில் அமைச்சு "சத்தமும் தொழிலாளியும்" என்ற கருத்தில் ஒரு சிறு கைநூல் வெளியிட்டது. எது ஆபத்து, எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது, காதுக்கு என்ன போடுவது என்று எளிமையாகச் சொன்னது.

இருபது வருடம் கழித்து, வடகிழக்கு இங்கிலாந்தின் கப்பல் திருத்தும் தொழிலாளர்கள் காது போய்விட்டது என்று வழக்குப் போட்டார்கள். 1984இல் தீர்ப்பு வந்தது. 1963க்கு முன்னால் நடந்ததற்கு முதலாளியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைநூல் வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதன் பின்னால் வந்த பாதிப்புக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும். "மற்றவர்களும் செய்யவில்லை" என்பது ஒரு காரணமாகாது.

ஒரு சின்னக் கைநூல் ஒரு தொழிலின் கணக்கையே மாற்றியது. அறிவு பகிரங்கமாக வந்த நாளிலிருந்து பொறுப்பும் தொடங்குகிறது. அரபு மொழியில் இதற்கு ஹுஜ்ஜத் என்போம்.

■ திருகோணமலைக்கு வருவோம்

நமது மாவட்டமும் சத்தத் தொழிலுக்குப் புதியதல்ல. பிரித்தானியக் கடற்படை இங்கே துறைமுகத்தையும் கப்பல் திருத்தும் தளத்தையும் வைத்திருந்தது. 1957இல் அதை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. அதே 1957இல்தான் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகியவற்றைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. 1980களின் தொடக்கத்திலிருந்து சீனக்குடாப் பக்கத்தில் கோதுமை மா ஆலை, சீமெந்து ஆலை என்று பெரிய தொழில்கள் வந்தன. இவற்றால் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு எரித்தன, பிள்ளைகளைப் படிப்பித்தன. எந்த நிறுவனத்தையும் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல.

ஆனால் இந்தத் தொழில்களின் இயல்பைப் பாருங்கள். மணலைத் தோண்டி, பம்பில் தள்ளி, கழுவி, காயவைத்து, அதிரும் சல்லடையில் சலித்து, காந்தத்தால் பிரிக்க வேண்டும். கிளிங்கரை இரும்புக் குண்டுகளோடு உருட்டி அரைக்க வேண்டும். இரும்பில் கல் விழுவதும், சல்லடை அதிர்வதும், ஊதுவிசிறி சுற்றுவதும் உலகம் முழுக்க இரைச்சல் நிபுணர்கள் முதலில் போய்ப் பார்க்கும் இடங்கள்.

நமது நாட்டில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலேயே வந்தது. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் வந்தது. 1988இல் செய்த திருத்தத்தால், குறித்த தொழில்களை நடத்துவோர் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுத்தே ஆக வேண்டும் என்றானது.

அந்த உரிமத்துக்கு உயிர் கொடுத்தது ஒரு குவாரி வழக்கு. ஒரு வெளிநாட்டு நிர்மாணக் கம்பனி கல் உடைத்தது. வெடிச் சத்தத்தாலும் அதிர்வாலும் பாதிக்கப்பட்ட கிராமத்து ஆட்கள் நீதவான் நீதிமன்றம் போனார்கள். குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் அது பொதுத் தொல்லை என்று முறையிட்டார்கள். கம்பனி மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போயும் காரியம் நடக்கவில்லை. உரிமம் இல்லாமல் குவாரி நடத்தியது சட்டவிரோதம் என்றானது. 1994ஆம் ஆண்டின் இலங்கைச் சட்ட அறிக்கைகளில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. வழக்குப் போட்டவர்கள் பெரிய ஆட்களல்ல, குவாரிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள்.

இரண்டு வருடத்தில், 1996 மே 23ஆம் திகதி, 924/12ஆம் இலக்க வர்த்தமானியில் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. எண்களைக் குறித்து வையுங்கள்:

• பிரதேச சபைப் பகுதி: பகலில் 55, இரவில் 45 டெசிபல்.
• மாநகர, நகர சபைப் பகுதி: பகலில் 63, இரவில் 50.
• ஏற்றுமதி வலயம், அங்கீகரிக்கப்பட்ட கைத்தொழிற் பேட்டை: பகலில் 70, இரவில் 60.
• அமைதி வலயம்: பகலில் 50, இரவில் 45.

பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. அளக்க வேண்டிய இடம் மெஷின் இருக்கும் காணியின் எல்லை. அமைதி வலயம் என்பது பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர்.

குச்சவெளி பிரதேச சபைப் பகுதி. அதாவது சட்டத்தின் கண்ணில் நாம் குறைந்த இரைச்சல் பகுதி. கொழும்பில் இருப்பவரை விட நமக்குக் கூடுதல் அமைதிக்கு உரிமை இருக்கிறது. கிராமம்தானே, சத்தம் போட்டால் யார் கேட்பது என்று நினைப்பவர் சட்டத்தைத் தலைகீழாக வாசிக்கிறார்.

■ 2007 தீர்ப்பை இப்போது மறுபடி பாருங்கள்

வெலிகம ஜும்ஆப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்புக் கொடுத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கி அனுமதி இல்லை. மற்ற நேரத்திலும் சத்தம் அந்த வளாகத்துக்குள்ளே நிற்க வேண்டும். விசேட நிகழ்வுகளுக்கு அயலவர்களின் கருத்தைக் கேட்டு அனுமதி கொடுக்கலாம் என்று அது சொன்னது. பள்ளிவாசல், விகாரை, கோயில், தேவாலயம் என்று எல்லோருக்கும் ஒன்றுதான்.

நம்மில் பலர் இதை நமக்கு எதிரான தீர்ப்பாக மட்டுமே பார்த்தோம். அதன் அடியில் இருக்கும் கொள்கை என்ன? கேட்க விரும்பாதவரின் காதுக்குள் சத்தத்தைத் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்தக் கொள்கை பள்ளிவாசலுக்குப் பொருந்துமானால் இரவு பன்னிரண்டு மணிக்கு ஓடும் கிரஷருக்கும் பொருந்தும். நமக்கு எதிராகத் தெரிந்த அதே சட்டம் நமது மையவாடி அருகில், நமது பாடசாலை அருகில், நமது வீட்டு வேலிக்கு அப்பால் நமக்காகவும் நிற்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. நமது ஒலிபெருக்கியை நாம் ஒழுங்காக வைத்திருந்தால்தான் மற்றவரின் மெஷினைப் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்கும்.

■ வகுப்பறைக் கணக்கு

ஆசிரியன் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியாது. நியூயோர்க்கில் ஒரு ஆரம்பப் பாடசாலையின் ஒரு பக்கம் மேம்பால ரயில் பாதை. சில நிமிடத்துக்கொரு ரயில். ஆர்லீன் பிரோன்சாஃப்ட் என்ற உளவியல் ஆய்வாளர் ரயில் பக்க வகுப்புப் பிள்ளைகளையும் மறுபக்க வகுப்புப் பிள்ளைகளையும் வாசிப்புப் பரீட்சையில் ஒப்பிட்டார். 1975இல் முடிவு வந்தது. ஆறாம் வகுப்பாகும்போது ரயில் பக்கப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். ஒரே பாடசாலை, ஒரே பாடத்திட்டம்.

பிறகு ரயில் நிருவாகம் தண்டவாளத்துக்கு அடியில் றப்பர் தட்டு வைத்தது. கல்வித் திணைக்களம் வகுப்புக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை போட்டது. 1981இல் மறுபடி பார்த்தபோது இரண்டு பக்கமும் சமமாகிவிட்டன. ரயிலும் நிற்கவில்லை, பாடசாலையும் இடம் மாறவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்ன வழிகாட்டல்படி பாடம் நடக்கும் வகுப்பின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. அரை மதில் வைத்த நமது வகுப்புகளில் வெளியே ஒரு மரக்காலை ஓடினால், பின் வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் வாய் அசைப்பதுதான் தெரியும். அந்தப் பிள்ளையை நாம் மக்குப் பிள்ளை என்போம்.

■ மெஷினை நிறுத்தாமல் சத்தத்தைக் குறைக்கலாம்

நமது ஊரில் சத்தம் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு முக்கிய காரணம், பேசினால் மில் மூடிவிடும், வேலை போய்விடும், மில்காரர் நமக்கு மச்சான் முறை என்பதுதான். நியாயமான பயம். ஆனால் பெரும்பாலான நேரம் மூடத் தேவையில்லை.

முதல் வேலை, மெஷினிலேயே. தளர்ந்த போல்ட், தேய்ந்த பெயாரிங், வளைந்த ஊதுவிசிறித் தகடு, கிறீஸ் இல்லாத இடம். இவை சத்தம் போடுவது மெஷின் தன் நோயைச் சொல்வது. திருத்தினால் சத்தமும் குறையும், கரண்ட் செலவும் குறையும். கல் விழும் இரும்புத் தகட்டுக்கு றப்பர் ஒட்டலாம். விழும் உயரத்தைக் குறைக்கலாம். இரும்புச் சல்லடைக்குப் பதில் றப்பர் அல்லது பொலியூரித்தேன் சல்லடை உலகெங்கும் பாவனையில் இருக்கிறது.

இரண்டாவது, சத்தம் போகும் வழியில். மெஷினுக்கும் நிலத்துக்கும் நடுவில் அதிர்வு தாங்கும் றப்பர் அல்லது ஸ்பிரிங் வைத்தால் தூனிஸ் கொத்தமல்லி குதிக்காது. ஜெனரேட்டருக்கு நல்ல சைலன்சர், பிறகு மூடும் பெட்டி. பாரமான சுவர்தான் சத்தத்தைத் தடுக்கும்; பஞ்சு, ஸ்பொஞ்ச் மட்டும் ஒட்டினால் உள்ளே எதிரொலி குறையும், வெளியே போவது நிற்காது. ஓட்டையையும் கவனியுங்கள். எவ்வளவு தடிப்பான சுவராக இருந்தாலும் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. காற்றுப் போகும் வழியை நேராக விடாமல் வளைத்து, உள்ளே ஒலி உறிஞ்சும் பொருள் வைக்க வேண்டும். இந்தியாவில் 2002இல் வந்த விதிப்படி 1000 கேவிஏ வரையான புதிய டீசல் ஜெனரேட்டர் ஒரு மீற்றர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. செய்பவர்களே மூடிய பெட்டியோடு விற்க ஆரம்பித்தார்கள். வாங்கும்போது கேட்டு வாங்கினால் இங்கும் கிடைக்கும்.

தூரமும் ஒரு மருந்து. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். புதிதாக மில் போடுகிறவர் முதலிலேயே இடத்தை யோசித்தால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் காதில் போடும் செருகியும் மூடியும். நாம் எப்போதும் இதையே முதலில் நீட்டுகிறோம். வெயிலில் வியர்க்கும், ஆள் கழற்றிவிடுவார். எட்டு மணித்தியாலத்தில் ஒரு மணித்தியாலம் கழற்றினாலே அதன் பயனில் பெரும்பகுதி போய்விடும். அது கடைசிக் காவல். ஆனால் வேறு எதுவும் செய்யும்வரை அதைக் கழற்றவும் வேண்டாம்.

■ நாம் செய்யக் கூடியவை

1. சிறிய தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கொடுக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. உரிமம் இருக்கிறதா, அதில் இரைச்சல் பற்றி என்ன நிபந்தனை என்று கேட்பது சண்டை பிடிப்பதல்ல, உரிமை.

2. போனில் இருக்கும் சத்தம் அளக்கும் அப் ஒரு மட்டுக்குத்தான். அதை வைத்து வழக்குப் பேச முடியாது. ஆனால் திகதி, நேரம், எவ்வளவு நேரம் ஓடியது என்று ஒரு மாதம் கொப்பியில் எழுதி வையுங்கள். முறையான அளவீட்டைக் கேட்க அது உதவும்.

3. முதலில் மில்காரரிடம் போய்ப் பேசுங்கள். போல்ட் இறுக்கினாலே சரியாகும் விஷயத்துக்கு நீதிமன்றம் எதற்கு?

4. சத்தத்தில் வேலை செய்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை காதுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதல் வேலைக்குப் போகும் இளைஞர்கள் போவதற்கு முன்பே ஒன்று செய்துவையுங்கள். பிறகு எது வேலையால் வந்தது என்று காட்ட அதுதான் சாட்சி.

5. பள்ளிவாசல் நிருவாகங்கள் தங்கள் ஒலிபெருக்கி அளவை ஒரு தடவை சரிபார்த்து, ஊருக்கு அறிவித்துவிட்டால், மற்றத் தொழில்காரர்களிடம் பேசும்போது அந்த வார்த்தைக்குப் பாரம் இருக்கும்.

இங்கிலாந்துத் தொழிலாளருக்கு 1963இல் ஒரு கைநூல் வந்தது. நமக்கு 1996இல் வர்த்தமானி வந்தது. அது வந்து எத்தனை வருடம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இனித் தெரியாது என்று மில்காரரும் சொல்ல முடியாது, நாமும் சொல்ல முடியாது.

கேள்வியும் பார்வையும் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்று குர்ஆன் எச்சரிக்கிறது. அடுத்தவரின் காதும் அப்படித்தான்.

உங்கள் வேலைத்தளத்தில் சத்தத்தைக் குறைக்க ஏதாவது செய்திருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.

வஸ்ஸலாம்.